லெஃப்ட் பேக்கும் ஏழு பேர் கமிட்டியும்

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். பந்து எதிராளியின் வலைக்குள் போனால் கத்த வேண்டும். நடுவர் நமக்கு எதிராக விசில் ஊதினால் அதைவிடப் பலமாகக் கத்த வேண்டும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு கால்பந்துக் கிளப்புக்குச் செயலாளராக இருந்தேன் என்றால் வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் நம்புவார்கள். இங்கே ஒருவரை எந்தப் பதவிக்கு நிறுத்துவதாக இருந்தாலும் மினிட்ஸ் எழுத வருமா என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு நன்றாகவே வரும்.

எங்கள் கிளப்புக்கு முதலாளி கிடையாது. ரசிகர்களே சேர்ந்து நடத்துவது. உறுப்பினராகிவிட்டால் ஆளுக்கு ஒரு ஓட்டு. டாக்டருக்கும் ஒன்று, ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் ஒன்று. அந்த ஓட்டுகள் ஏழு பேர் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும். கமிட்டி கோச்சை நியமிக்கும், மைதானம் பிடிக்கும், ஜெர்சியின் நிறத்துக்காக மூன்று கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்கும். நான் அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பக்கத்து நாற்காலிக்காரி ஒரு சனிக்கிழமை என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதோடு ஒட்டிக்கொண்டேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கால்பந்து பார்க்கப் போகிற மாமி நான் ஒருத்திதான்.

நான் செயலாளரான அன்று வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, ஆஃப்சைடுன்னா என்ன, சொல்லு பாப்போம்."

"அதெல்லாம் கோச் பாத்துப்பார். நான் ஃபைல் பாத்துப்பேன்."

"அப்படியே இருந்துட்டா நல்லது, கேட்டோ" என்று மலையாளத்தில் முடித்தார்.

அப்படியே இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் எழுந்து, கிளப் நம்முடையது என்கிறீர்கள், ஆனால் யார் ஆடுகிறார்கள் என்பதே மைதானத்துக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டார். கேள்வி எனக்குச் சரியாகத்தான் பட்டது. உடனே எழுந்து, ஆட்டத்துக்கு முந்தைய நாள் கோச் பதினொரு பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கமிட்டியின் முன் வைக்கட்டும், தகவலுக்காக மட்டும், என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. காகிதத்தை நானே கட்டம் போட்டுத் தயார் செய்தேன். ஆட்டக்காரர் பெயர், ஆடும் இடம், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி எதற்கு என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. எல்லாப் படிவத்திலும் இருக்கிறதே என்று போட்டேன்.

எங்கள் ஊரில் மேஜைக்கு வந்த காகிதம் பேனா படாமல் திரும்பிப் போகாது. கமிட்டியில் நான்கு பேர் அரசு வேலையில் இருப்பவர்கள், இரண்டு பேர் அதிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஏழாவது ஆள் ஒரு பேக்கரிக்காரர், அவரும் எங்களோடு பழகிக் கெட்டுப் போயிருந்தார். முதல் வாரம் ஏழு பேரும் சுருக்கொப்பம் வைத்தார்கள். இரண்டாம் வாரம், ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் லெஃப்ட் பேக்கின் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். மூன்றாம் வாரம் அதே இடத்தில், குறிப்புப் பத்தியில், 'பேசவும்' என்று எழுதியிருந்தது, அதாவது நேரில் விளக்கம் வேண்டுமாம். நான்காம் வாரம் பெயரையே சிவப்பு மையால் அடித்து மேலே வேறொரு பெயரை எழுதிவிட்டார்கள்.

நாசமாப் போச்சு என்று நினைத்தேன். ஆனால் ஃபைலில் வந்துவிட்டதே, இனி கூட்டத்தில் வைத்துத்தானே ஆக வேண்டும்? வைத்தேன்.

லெஃப்ட் பேக் என்றால் இடது பக்கம் பின்னால் நின்று தடுக்கிறவர். எங்களுடையவருக்கு இருபத்தொன்பது வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. ரசிகர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மற்ற கிளப்புகளில் லெஃப்ட் பேக்குகள் முன்னால் ஓடிப் போய்ப் பந்தைத் தூக்கிப் போடுகிறார்கள், இவர் நடுக்கோட்டைத் தாண்டுவதே இல்லை என்பது குற்றச்சாட்டு. 'கேட் கீப்பர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிவப்பு மையில் எழுதிய பெயர் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சுருட்டை முடிக்காரருடையது; அவர் நன்றாக ஓடுவார். ஓடும்போது பார்க்கவும் அழகாக இருக்கும். அவரைப் போடச் சொல்லி நிறையப் பேர் கையெழுத்திட்ட மனு என் பெயருக்கு வந்தது.

கூட்டம் நடக்க வேண்டிய அன்று மத்தியானம் கோச் என்னை மைதானத்துக்கு வரச் சொன்னார். அவர் பொன்முடியில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இருபது வருஷம் பந்தாடிவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர். கமிட்டியில் மலையாளத்தில் அளந்து பேசுவார். என்னிடம் தமிழ்தான்.

"மேடம், அவன டீம்ல இருந்து எடுத்தா நானும் போயிருவேன். இது மெரட்டல்னு நெனைக்கண்டா. டீம நான் போடலேன்னா, தோத்தா யாரு பதில் சொல்றது, ஜெயிச்சா பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறது? பின்ன எனக்கு இங்க ஜோலி இல்ல."

"அவரையே ஏன் போடணும்னு நேக்குப் புரியற மாதிரி சொல்லுங்கோ. நான் கூட்டத்துல சொல்லணுமே."

அவர் அங்கே கிடந்த மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பின்வரிசையில் நடுவில் நிற்கிறவர் வயதானவர், திரும்ப நேரமாகும், அதனால் இடது பக்கத்தில் இருக்கிறவர் முன்னால் போகாமல் அவருக்குத் துணை நிற்கிறார். அவர் நிற்கிற தைரியத்தில்தான் வலது பக்கத்துக்காரர் முன்னால் ஓடுகிறார். நீங்கள் எல்லாம் கைதட்டுவது வலது பக்கத்துக்காரருக்கு, என்றார். ஒவ்வொரு நாற்காலியாக நகர்த்திக் காட்டினார். எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அடடா, இவ்வளவுதானா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் போய்விட்டது. எந்த நாற்காலி நகர்ந்தால் எது நகரக் கூடாது? மெதுவாகத் திரும்புகிறவரையே மாற்றினால் என்ன? அதை ஏன் நான் கேட்கவில்லை? எதிரணியில் எத்தனை நாற்காலி? பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்னால் படம் போட்டுப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கூட்டம். தலைவர் ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர். சிவப்பு மை பட்ட காகிதத்தை நடுவில் வைத்துவிட்டு, "கிளப் ஆருடெயா? நம்முடெயல்லே?" என்று ஆரம்பித்தார். கிளப் நம்முடையது என்றால் அணியும் நம்முடையதுதானே என்பது அவர் கட்சி. பேக்கரிக்காரர் அதற்கு, என் கடையும் என்னுடையதுதான் சாரே, ஆனால் கேக் போடுகிறவன் கையைப் பிடித்து நான் மாவு பிசைவதில்லை என்றார். ஆனால் கேக் சரியில்லை என்றால் வாங்குகிறவன் சொல்லக் கூடாதா என்றார் இன்ஜினியர். கேக்கிலேயே அரை மணி நேரம் போயிற்று. இரண்டு பக்கமும் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. நான் நாற்காலி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். "நடுவுல இருக்கறவர் மெதுவாத் திரும்புவார், அதனால..." என்று தொடங்கி, அடுத்தது வராமல் திருதிருவென்று விழித்தேன். "சேச்சி, எந்தா பறயுன்னே?" என்று, நான் என்ன சொல்கிறேன் என்றே புரியாமல், ஒருவர் சிரித்தார். வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் குடிப்பது போலப் பாவனை செய்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். லெஃப்ட் பேக்கை மாற்ற வேண்டும் என்று தலைவரும் இன்ஜினியரும் இன்னொருவரும். கோச் போட்டபடியே இருக்கட்டும் என்று பேக்கரிக்காரரும் இரண்டு பேரும். மூன்றுக்கு மூன்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். கோச்சோ நாற்காலி போட்டுக் காட்டியிருக்கிறார். ஒன்றும் தெரியாத விஷயத்தில் கையைத் தூக்குவது அயோக்கியத்தனம் இல்லையா? முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் கற்றது அதைத்தான். "நான் நடுநிலை. அப்படியே எழுதிக்கறேன்" என்றேன். எழுதியும் கொண்டேன். சமமாக நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்பது எங்கள் விதி. அந்த விதியை டைப் அடித்தவளே நான்தான். தலைவர் இரண்டாவது தடவை கையைத் தூக்கினார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கோச்சிடம் நானே போய்ச் சொன்னேன். எத்தனைக்கு எத்தனை என்றுகூட அவர் கேட்கவில்லை. "சரி மேடம்" என்று கை கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற வித்துரா பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அந்தக் கை கொடுத்தலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் துணைக் கோச் அணியை இறக்கினார். நாங்கள் தோற்றிருந்தால் கதை எளிது. ஜெயித்தோம்! இரண்டு கோல், அதில் ஒன்றுக்குப் பந்தைக் கொடுத்ததே சுருட்டை முடிக்காரர்தான். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பிக் 'கமிட்டிக்கு ஜே' போட்டது. நானும் கத்தினேன், பொய் சொல்வானேன். கத்தி முடித்த பிறகுதான் கோச்சின் நாற்காலிகள் ஞாபகம் வந்தன. அப்படியானால் கோச் சொன்னது தப்பா? இல்லை, எதிரணி அன்றைக்கு மட்டமா? அடுத்த ஆட்டம் தோற்றோம், அதற்கடுத்தது டிரா, பிறகு ஒன்று ஜெயித்தோம். எதை வைத்து எதைச் சொல்வது? துணைக் கோச் வாரா வாரம் காகிதத்தோடு வந்து, "மேடம், ஆரெ இடணும்?" என்று கேட்க ஆரம்பித்தார். யாரைப் போட வேண்டும் என்று என்னைக் கேட்கிறார், ஐயோ! கமிட்டியில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பேராசிரியர் யூடியூப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். லெஃப்ட் பேக் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அது குறிப்புப் பத்தியில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். வேறு கடைக்குத்தான் போக நினைத்தேன்; அது பூட்டியிருந்தது. லெஃப்ட் பேக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போகவும் முடியவில்லை.

"வாங்க மேடம். என்ன வேணும்?"

"குழாய். அடுக்களைக்கு."

"உள்மரையா, வெளிமரையா?"

அது எனக்குத் தெரியவில்லை. பழைய குழாயைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். பளபளவென்று மேலே தொங்கிய இன்னொன்றை நான் காட்டினேன். "அது வேண்டாம் மேடம், உங்க தண்ணிக்கு ஒரு வருசம் தாங்காது" என்றார். சரி என்று அவர் கொடுத்ததையே வாங்கினேன். கட்டிக் கொடுக்கும்போது கை நின்றது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். என்ன எதுக்கு டீம்ல இருந்து எடுத்தாங்க? என்ன தப்பு பண்ணுதேன்னு தெரிஞ்சா திருத்திக்கிடுவேன். துணைக் கோச்சுக்கிட்ட கேட்டேன், கமிட்டியக் கேளுன்னுட்டாரு."

எல்லாக் கூட்டத்தின் மினிட்ஸும் எனக்கு மனப்பாடம். இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றில்கூட இல்லை.

"கோச்சுக்குப் போன் பண்ணிக் கேட்டேளா?"

"கேட்டேன் மேடம். உங்கிட்ட ஒரு தப்பும் இல்லடா, என்னாலதான் உன்ன வச்சுக்கிட முடியலன்னாரு." காகிதப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "அந்த மனுசன் நல்லவரு. ஆறுதலுக்குச் சொல்லுதாரா, நெசமாவே அப்படித்தானான்னு எனக்குத் தெரியல. நீங்க அந்தக் கூட்டத்துல இருந்தீங்கல்லா?"

கடையில் வேறு ஆள் இல்லை.

"பாதிதான் நேக்குத் தெரியும்" என்றேன். "உங்ககிட்ட தப்பு இருக்கான்னு எங்க ஏழு பேர்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா கோச்சோட குத்தம்ங்கறது பொய். அவர் கையில ஒண்ணுமே இல்லை. நான் கையைத் தூக்கியிருந்தா அவரும் இருந்திருப்பார், நீங்களும் ஆடிண்டிருப்பேள்."

"ஏன் மேடம் தூக்கல?" என்றார்.