யாருடைய இடது?

அடிபட்ட இடத்தைச் சொல்ல எதிரே யார் வந்து நின்றாலும் ஹேமநாதன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள், மனிதருக்கு என்ன கோபமோ என்று விழிப்பார்கள். "என் முதுகுல காட்டுங்கம்மா. அப்பத்தான் ஒங்க இடதும் என் இடதும் ஒரே பக்கம் வரும்" என்பார்.

மலேசியாவில் ரந்தாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர் டிரசர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் ஒற்றை ஆள். அடுத்தவருக்கு அடிபட்ட இடத்தைத் தன் உடம்பில் தொட்டுக் காட்ட இங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது. காட்டினால் அந்த அடி தனக்கும் வந்துவிடுமாம். அதனால் எதிரில் இருப்பவரை நோக்கித்தான் விரல் நீளும். அப்படி ஒரு விரலை நம்பி, மயங்கிக் கிடந்த வீரமுத்துவின் இடது தோளை ஹேமநாதன் வலது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் நல்ல தோளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வருடம் ஆறாகியும் அந்த வெட்கம் அவருக்கு ஆறவில்லை.

அதிலிருந்து ஊருக்கே பாடம். "படுத்திருந்தாலும் ஆளு நிக்கிற மாதிரி நெனைச்சுக்கணும்லா. உள்ளங்கை முன்னால. இடதுன்னா நோயாளியோட இடது." மனைவி கோமளா உப்பு டப்பா வலது பக்கம் இருக்கிறது என்றால், "யாரோட வலது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

போன திங்கட்கிழமை தூறலில் பஞ்சாலை ஓடி வந்தாள். கணவன் தங்கராஜு மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கிடக்கிறான். "தொட்டா துடிக்கிறாருங்கய்யா. வாய் பேசல. தூக்க லாரி நிக்குது."

ஹேமநாதன் டவுன் ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ஒன்றைத்தான் கேட்டார்: வலி நடுவிலா, ஓரத்திலா? நடுவில் என்றால் முதுகெலும்பு, ஆளை அசைக்கவே கூடாது. விலா ஓரம் என்றால் உள்ளே ரத்தம் கசியலாம், ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

ஹேமநாதன் திரும்பி நின்றார். பஞ்சாலை மடக்கிய குடையின் நுனியை அவர் முதுகில் வைத்தாள். நுனி எலும்புக்கும் விலாவுக்கும் இடையே வழுக்கி வழுக்கிப் போயிற்று.

"நடுவுலயா, ஓரத்துலயா? சரியா வைம்மா." வீரமுத்துவுக்குத் தோளோடு போயிற்று, இது உயிர்.

முதுகில் இருந்த நுனி விலகியது. அவர் திரும்பிப் பார்த்தார்.

குடை தரையில் கிடந்தது. பஞ்சாலை தன் இடது விலாவின் ஓரத்தில் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள்.

"இங்கதாங்கய்யா."

அவர் போனில் சொல்லி முடிக்கும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.