ஷ்வேப்யிதாவில் என் விறகு பாய்லர்

பாய்லர்காரன் ஒழுங்காக வேலை செய்தால் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நெருப்போடு மல்லுக்கட்டும் என் இனத்தாருக்கு இது தெரியும். நான் இந்த ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியின் பின்புறத் தகரக் கொட்டகையில் விறகு பாய்லர் பார்க்கிறேன். குளிர் தொடங்கும்போதே மேனேஜர் கோ மின் சொல்லிவிட்டார்: "திஞ்ஜானுக்குள்ள ஒருதடவை நின்னாலும் டீசல் பாய்லர்தான், சயா." திஞ்ஜான் என்றால் ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டு; சயா என்றால் தொழில் தெரிந்த வாத்தியார். டீசல் வந்தால் பொத்தானை அமுக்க யாராவது போதும், நான் வேண்டாம்.

கால் திருகு

எங்கள் குளிரைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் காலையில் இஸ்திரிப் பிரிவுப் பெண்கள், தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகமும் ஸ்வெட்டருமாக, என் கொட்டகைக்குத்தான் குளிர்காய வருவார்கள். குளிரில் நீராவிக் குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை வடித்துவிட்டு வால்வைக் கால் கால் திருகாகத்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் டமாரென்று உதைக்கும், இஸ்திரிப்பெட்டி வெள்ளைச் சட்டையில் துருத்தண்ணீர் துப்பும். யார் கத்தினாலும் நான் அசைவதில்லை. பிரிவுத் தலைவி மா எய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சயா வால்வு திறக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டாங் கல்யாணமே முடிஞ்சிரும்."

தமனே கிண்டிய நாள்

குளிர் முடியும் பௌர்ணமிக்குக் கம்பெனி வாசலில் தமனே கிண்டுவார்கள். பசையரிசியும் எள்ளும் தேங்காயும் பெரிய இரும்புச் சட்டியில் வேக, துடுப்புப் போட்டுக் கிண்டுகிற பலகாரம். அன்று பார்த்தால் பாய்லரில் நீராவி அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வருகிறது. கூரைக்குக் கீழே நான் காயப்போட்டிருந்த ரப்பர் மர விறகு முழுக்க வாசலில் எரிகிறது! ஈர விறகைத் தோளில் சுமந்துபோய் வைத்துவிட்டு, காய்ந்ததை எல்லாம் வாரிக்கொண்டு வந்தேன். முள் ஏறியது. வாசலில் புகையோ புகை. கண்ணீர் வழியத் துடுப்புப் போட்டபடி மா எய் சொன்னாள்: "பாய்லர் சிரிக்கட்டும் சயா, நாங்க அழுதுக்கிறோம்."

நானே நிறுத்தினேன்

மறுவாரம் நீர்மட்டக் கண்ணாடியில் சந்தேகம் வந்தது. தினமும் காலையில் அதைத் திறந்து வடித்து மூடுவேன். தண்ணீர் சட்டென்று மேலேற வேண்டும். இரண்டு நாளாகச் சோம்பலாக ஏறியது. அதற்குத் தண்ணீர் வரும் குழாய் அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் சொல்லும், உள்ளே வறண்டு பாய்லர் வெடிக்கப்போனாலும் தெரியாது. நிறுத்தினால் என் வேலை போகும். நிறுத்தாவிட்டால், பக்கத்தில் நின்று குளிர்காய்கிறார்களே அந்தப் பெண்கள்? பயமாகத்தான் இருந்தது. நெருப்பை இழுத்து வெளியே போட்டேன்.

ஆர்டர் அவசரம் என்று கோ மின் குதித்தார். பாய்லர் ஆறியதும் குழாயைக் கழற்றி, உள்ளே சுண்ணாம்பாக இறுகியிருந்த அடைப்பை அவர் உள்ளங்கையில் தட்டினேன். குழாயில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சமிருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என் எதிரிலேயே டீசல் பாய்லர் விற்கிறவருக்குப் போன் போட்டார்: "வேண்டாங்க. எங்க பாய்லர் தானா நிக்காது, எங்க சயா நிறுத்தினாத்தான் நிக்கும்."

இந்தத் தொழிலில் பாராட்டு வரும் நாளில்தான், கைகுலுக்க முடியாதபடி முழங்கை வரை கரியாக நிற்போம்.