ஒன்பது தரம் தாண்டிய துணி

நோர்பரியில் நான் சனி, ஞாயிறுகளில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், என்னோடு ஷிப்ட் செய்யும் பிலிப்பீன்ஸ்காரி தன் லொக்கரைத் திறந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. உள்ளே ஒரு துணி. கறுப்பு, சிவப்பு, நாரின் வெளிறிய நிறம். முக்கோணங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. நான் துணி வடிவமைப்புப் படிப்பில் கடைசி வருடம். படிப்பு முடிவுக் கண்காட்சியில் எனக்கு ஒரு சுவர் தந்திருக்கிறார்கள், மாட்ட ஒன்றுமில்லை. இதுதான் என் சுவர் என்று அந்த நிமிடமே முடிவெடுத்துவிட்டேன். அவளை இன்னும் கேட்கக்கூட இல்லை.

அவள் தெற்குக் கொத்தபாத்தோ மாகாணத்துத் திபோலி இனத்தவள். துணிக்குப் பெயர் தினாலாக். வாழைக்கு உறவான ஒரு மரத்தின் நாரில் முடிச்சுப் போட்டு, சாயம் தோய்த்து நெய்வார்களாம். கோலத்தைக் கீறி வைத்துப் பார்த்து நெய்வதில்லை, அது கனவில் வரும். இது அவளுடைய பெரியம்மா கண்ட கனவு.

ஒரு கிழமைக்குத் தா என்றேன். தந்தாள்.

அம்மா பார்த்துவிட்டு, "உதென்ன, சாக்கே?" என்றா.

"கண்காட்சிக்கு அம்மா."

"ஓம், சாக்குக்கும் கண்காட்சி வைக்கிற ஊர்தானே இது."

அறைத் தரையில் விரித்தேன். அலுமாரிக்கு மேல் போனை வைத்து வீடியோ எடுத்தபடி அளந்தேன், எண்ணினேன், கணினியில் கீறினேன். ஓரிடத்தில் இருக்க எனக்கு ஏலாது.

அடுத்த சனி, தேநீர் இடைவேளையில் அவளுக்கு வீடியோவைக் காட்டினேன், பெருமையாகத்தான். பார்த்து முடித்ததும் திரும்ப ஓடவிட்டாள். திரையில் நான், வாயில் பென்சிலோடு, துணிக்கு மேலால் தாண்டிக் கணினிக்குப் போகிறேன், தாண்டி வருகிறேன்.

"ஒன்பது தரம்," என்றாள். "எங்கள் ஆட்கள் தினாலாக்கைத் தாண்டமாட்டார்கள். அந்த நாருக்கு ஒரு காவல் ஆவி இருக்கிறது."

தெரியாது என்றேன். பிறகு எப்படியாவது சமாளிக்க நினைத்து, புத்தகத்தில் கால் பட்டால் நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம் என்று சொன்னேன்.

"புத்தகம் என்றால் தெரிகிறது. இதை என்ன, சாக்கு என்று நினைத்தாயா?"

அம்மா சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. காது சுட்டது.

துணி லொக்கருக்குள் திரும்பிப் போய்விட்டது. பெரியம்மா சம்மதிக்காமல் அந்தக் கோலத்தைச் சுவரில் வைக்கக்கூடாது, கேட்பதை நீயே கேள் என்று சொல்லிவிட்டாள். நாளைக் காலை, ஷிப்டுக்கு முன், அவளுடைய போனில் வீடியோ அழைப்பு. அவள் மொழிபெயர்ப்பாள்.

கணினியில் கீறியதை இன்னும் அழிக்கவில்லை. பெரியம்மா மாட்டேன் என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பதாக இருக்கிறேன், பிறகு சுவர் வெறுமையாகவே கிடக்கட்டும். ஆனால் முதலில் அந்த ஒன்பது தரத்தைச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருந்து பார்க்கப்போகிறேன்.