மறுநாள் தீபாவளி

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வன்னியம்பட்டியிலிருந்தும் செட்டியார்பட்டியிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை அண்ணனும் தம்பியும் மகளான என்னிடம் விட்டார்கள். இருவரும் தனித்தனியாகப் போன் செய்து சொன்னார்கள். எழுதியது எழுதியபடி அச்சாக வேண்டும் என்று சொல்லித்தான் நான் ஒப்புக்கொண்டேன். அண்ணன் படித்துவிட்டுச் சில இடங்களை எடுத்துவிடலாமே என்றார். நான் எதையும் எடுக்கவில்லை.

அப்பா பிறந்தது வன்னியம்பட்டியில், விவசாயக் குடும்பத்தில். மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டில் ஒருவேளைச் சோறே பெரிய காரியமாக இருந்ததாம். படிப்பு முடிந்ததும் காவல் துறையில் சேர்ந்தார். செட்டியார்பட்டியிலிருந்து அம்மாவை மணந்து ராஜபாளையத்தில் குடியேறினார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மாறி மாறிப் பணியில் இருந்தார். யாரிடமும் கை நீட்டாதவர். இதை நான் சொல்லத் தேவையில்லை. அவரோடு பணியாற்றியவர்கள் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள்.

காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டிகை என்பது மற்றவர்களுக்கு வருகிற நாள். தீபாவளிக்கு அப்பா கடைவீதியில் நிற்பார். ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கும் கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருப்பார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரத்தில் நிற்பார். எங்களுக்குத் தீபாவளி மறுநாள்தான். அம்மா பலகாரத் தூக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். "அப்பா வந்து ஒரு வாய் வைக்கட்டும், பொறவு தின்னுங்க" என்பார். தெருத் தையல்காரர்கூட எங்கள் துணியைக் கடைசியில்தான் தைப்பார். "ஒங்களுக்கு மறுநாத்தான, செத்தப் பொறுங்க" என்று சிரிப்பார்.

ஆனால் மறுநாள் தீபாவளியில் ஒரு சுகம் உண்டு. தெருவில் எல்லோருடைய வெடியும் தீர்ந்திருக்கும். எங்களிடம் மட்டும்தான் இருக்கும். அத்தனை பிள்ளைகளும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். தூக்கம் இல்லாத கண்களோடு அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "ஏலே, தள்ளி நில்லுங்கலே" என்று வீட்டிலும் கூட்டத்தை ஒழுங்கு செய்வார். அண்ணன் திரியில் நெருப்பு வைப்பார். தம்பி அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

ஓய்வு பெற்றபின் வந்த முதல் தீபாவளியன்று அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால் தெரு முக்கில் நெரிசலில் சிக்கிய பேருந்துக்கு வழி செய்துகொண்டிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வேலை ஓய்ந்த பிறகுதான் அவருக்குப் பண்டிகை என்றால் என்னவென்று பிடிபட்டது. பிடிபட்டதும் அதன்மேல் ஆசை வந்துவிட்டது. பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் ஒரே நாளில் வீட்டில் இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த சில ஆண்டுகளில் அம்மா போய்ச் சேர்ந்தார். அதன்பின் தம்பியின் கல்யாணம் வந்தது. அங்கே நடந்ததை அநேகம் பேர் அறிவீர்கள். அண்ணனின் மாமனாரும் மாமியாரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் நண்பர் ஒருவர், யார் என்று தெரியாமல், வெளியூர்க்காரர்களுக்கு இடம் வேண்டுமென்று அவர்களை இலை போட்ட பிறகு எழுப்பிவிட்டார். சாப்பிடாமலே அவர்கள் ஊர் திரும்பினார்கள். தம்பி நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் அண்ணன். "நானா எந்திரிக்கச் சொன்னேன்? போன்ல கேட்டாச்சுல்ல" என்றான் தம்பி. "ஒங்க அம்மா இருந்தா பந்திக்கு அவதான் நின்னிருப்பா" என்று மட்டும் அப்பா சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் சம்பந்தியிடம் தானே மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். அவர்கள் மனம் ஆறிவிட்டது. அண்ணனுக்கு ஆறவில்லை.

அதிலிருந்து தம்பி தீபாவளிக்கு வந்தால் அண்ணன் பொங்கலுக்கு வருவார். அண்ணன் தீபாவளிக்கு என்றால் தம்பி பொங்கலுக்கு. வீட்டில் வேலையாட்களுக்கு முறை போட்டதுபோல அப்பாவுக்குப் பிள்ளைகள் முறை வைத்து வந்தார்கள்.

கடைசித் தீபாவளிக்குச் சில நாள் முன்பே நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்பாவிடம் வந்து தங்கியிருந்தேன். என் முன்னால்தான் அவர் சென்னையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தார். "தம்பி வரலையாம்ப்பா. மாமியார் வீட்டுக்குப் போறானாம். நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வா." வைத்துவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் போட்டார். "அண்ணனுக்கு லீவு கெடைக்கலையாம்லே. நீ வந்துரு."

"வேண்டாம்ப்பா, வெனையா முடியும்" என்றேன்.

"சர்வீசுல ஒரு பொய் எழுதுனது இல்ல தாயி. வாசல்ல வந்து எறங்கிட்டா பொறவு என்ன செய்வானுவ? பேரப்பிள்ளைய ஒண்ண ஒண்ணு பாத்தா ஓடி வந்துருமுல்ல."

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினான். அப்பா தானே சந்தைக்குப் போய் வந்தார். வெயில் தாழும் நேரத்தில் அண்ணனின் கார் தெருவுக்குள் நுழைந்தது. வாசலில் நின்ற தம்பியின் காரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எஞ்சினை அணைக்கவில்லை.

அப்பா படியிறங்கி ஓடினார். "எறங்குப்பா, எறங்கு."

"பொய் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"ஆமா. நெசத்தச் சொன்னா ரெண்டு பேரும் எப்பலே சேந்து வந்திருக்கீய?"

வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பி, அங்கிருந்தே, "போறவியளப் போக விடுங்கப்பா" என்றான். அண்ணன் காதில் அது விழுந்தது. வண்டியைத் திருப்ப ஆரம்பித்தார். அப்பா முன்னால் போய் நின்று வலது கையை உயர்த்தினார். எத்தனையோ லாரிகளை நிறுத்திய கை. கார் நின்றது. பின்சீட்டிலிருந்து பேத்தி "தாத்தா" என்று கூப்பிட்டாள்.

அண்ணன் கண்ணாடியை இறக்கினார். "அப்பா, தெருவே பாக்குது. வழிய விடுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே தெரு பார்த்துக்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கினார். அந்த நேரம் எதிரே ஓர் ஆட்டோ வந்தது. ஒரு கையால் அதை நிறுத்திவிட்டு, மறு கையால் அண்ணனின் காரைப் போகச் சொன்னார். கார் போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் "போ தம்பி" என்றார். உள்ளே வந்து முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் மதியமே தம்பியும் கிளம்பிவிட்டான். ரோட்டில் கூட்டம் அதிகமாகும் என்றான். இரண்டு குடும்பத்துக்கு வைத்த கறிக்குழம்பு அண்டாவில் அப்படியே இருந்தது. அப்பா அதைத் தூக்குகளில் ஊற்றி, இட்லியும் எடுத்துக்கொண்டு, கடைவீதியில் பணியில் நின்ற காவலர்களிடம் என்னையும் கூட்டிப் போனார். அவர்கள் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள்.

"ஐயா, பிள்ளைக எல்லாம் வந்துட்டாகளா?" என்றார் ஒரு காவலர்.

"ரெண்டு பேரும் வந்தானுவய்யா" என்றார் அப்பா.

அது பொய் இல்லை.

மார்கழியில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. அன்று அண்ணனுக்கும் லீவு கிடைத்தது, தம்பிக்கும் ரோட்டில் கூட்டம் இல்லை. அண்ணன் கொள்ளி வைத்தார். தம்பி பக்கத்தில் நின்றான். "பிள்ளைய ரெண்டும் சேந்து நிக்கிறது எம்புட்டுப் பாந்தமா இருக்கு" என்று ஓர் அத்தை என் காதோரம் சொன்னார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த காவலர்களுக்கும், காரியம் முடியும்வரை சோறு கொண்டுவந்து கொடுத்து எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், கல்யாணத்தில் பட்ட அவமானத்தை மறந்து முதல் ஆளாக வந்து நின்ற அண்ணனின் மாமனார் மாமியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இங்கே நன்றி சொல்வது வழக்கமாம். அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

துக்கம் காத்த இந்த ஓராண்டில் எங்களுக்குத் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. யார் வருவது, யார் வராமலிருப்பது என்ற பேச்சும் இல்லை. இன்றோடு துக்கம் தீர்ந்தது, இனி நல்ல நாள் கொண்டாடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கொண்டாடலாம்தான். எங்கள் வீட்டில் அதற்கு ஆசைப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார்.