திருச்செங்கோட்டு டீக்கடைக்கு ஒரு வேவுப் பயணம்

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குத் தம்மம்பட்டி பேருந்து நிலையத்தில் ராசிபுரம் வண்டி ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். பயணச்சீட்டு ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். நூறு ரூபாய்க்கு இருபதைத் தந்துவிட்டு, மீதிப் பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் நடத்துநர். இறங்கும்போது கூட்டத்தில் யார் யாரைத் தேடுவது? இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதா! ராசிபுரம் வரைக்கும் அந்த மனுஷனை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

எங்கே, எதற்குப் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் இருபது வருஷம் ஓடியவர். கர்நாடகத்தில் ராய்ச்சூர்ப் பக்கம் வாடகை வீட்டில்தான் எங்கள் குடித்தனம். திருச்செங்கோட்டு ரிக்காரர்களோடேயே கிடந்ததில் அவர் பேச்சிலும் அந்த ஊர் 'ங்க' ஒட்டிக்கொண்டது. முதுகுவலி வந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவர் பிறந்த ஊரான தம்மம்பட்டிக்கே திரும்பினோம். இப்போது கையில் இருப்பது ஒரு ரிக் லாரியில் பங்கு. அந்த வருமானத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

அந்தப் பங்கை விற்று, ஒரு டீக்கடைக் கம்பெனியின் கிளையைத் தம்மம்பட்டியில் எடுப்பது என்று அவருக்குத் தலைக்கேறிவிட்டது. பிரான்சைஸ் என்று அதற்குப் பெயராம். பெயர்ப்பலகை, தூள், கோப்பை, பிஸ்கட், வேலையாள் போடும் சட்டை வரைக்கும் கம்பெனி அனுப்பும். நாம் பணத்தைக் கட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் போதும். இவ்வளவு லேசான தொழிலை அவர்களே ஊர் ஊராகச் செய்துகொள்ளாமல் நம்மை ஏன் தேடி வருகிறார்கள்? இதைக் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பொண்டாட்டி போட்ட காப்பியையே மோந்து பாத்துக் குடிக்கற ஊட்டுல பொறந்தவ நீ" என்பார். எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது உண்மைதான்.

கம்பெனி ஆள் ஒரு தம்பி, போன வாரம் வீட்டுக்கு வந்தான். கழுத்தில் டையும் கையில் பையும். "ஞாயித்துக்கிழமை நல்ல முகூர்த்தம்க்கா. சேலத்துல கையெழுத்துப் போட்டுரலாம்" என்றான். அதே ஞாயிறு என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் வீட்டில் காதுகுத்து. "போன்ல மொய் அனுப்பிச்சாப் போச்சு" என்றார் இவர். ராய்ச்சூரில் இருந்த காலமெல்லாம் அப்படித்தான் செய்தோம். கிளம்பும்போது அந்தத் தம்பி, "சந்தேகம்னா எங்க திருச்செங்கோட்டுக் கடையைப் போய்ப் பாருங்க, நிக்க இடம் இருக்காது. போற அன்னைக்கு ஒரு போன் மட்டும் பண்ணிருங்க" என்றான். போன் எதற்கு? ஆள் திரட்டி உட்கார வைக்கவா? அதனால்தான் மூச்சுக்காட்டாமல் கிளம்பினோம்.

முள்ளுக்குறிச்சி தாண்டும்வரை இடது பக்கம் கொல்லிமலை கூடவே வந்தது. வெயில் ஏறாததால் மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. வயல்களில் மரவள்ளியும், இடையிடையே நீளநீளமான கோழிப்பண்ணைகளும். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காய்ந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து கொஞ்ச நேரம் மனசைச் சமாதானப்படுத்தியது. ராசிபுரத்தில் நடத்துநர் தானாகவே வந்து பத்து ரூபாயை என் கையில் வைத்தார். நான் விடாமல் பார்த்ததால்தான் கொடுத்தார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அங்கிருந்து வண்டி மாறி, தறிச் சத்தம் கேட்கும் ஊர்களைக் கடந்து, பத்தரைக்குத் திருச்செங்கோடு. சாலையோரப் பட்டறைகளில் ரிக் லாரிகள் வரிசை கட்டி நின்றன. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். விற்கப்போகிறவர் பார்க்கிற பார்வையாக எனக்குத் தோன்றவில்லை.

கடை பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். தம்பி சொன்னது பொய்யில்லை. உள்ளே பெஞ்சு நிறைய ஆள், வெளியே மரத்தடியில் கோப்பையோடு ஒரு கும்பல். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்தவர் தோற்றார்! "சொன்னனா இல்லியா?" என்றார். டீ இருபது ரூபாய். எங்கள் ஊரில் பன்னிரண்டு. வாயில் வைத்தால் சர்க்கரைப் பாகு. இதற்கா இவ்வளவு கூட்டம் என்று எனக்கு உறுத்த ஆரம்பித்தது.

கல்லாவில் இருந்த செல்லமுத்து ஐம்பது வயசு மனிதர். வந்த காரணத்தைச் சொன்னதும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பெனி சொல்றபடி அப்படியே செஞ்சாப் போதுங்க. நானே நம்புலீங்க, இப்பப் பாருங்க! அடுத்தாப்புல சங்ககிரில ரெண்டாவது கடை. இடம் பாத்தாச்சுங்க. தோட்டத்துல பாதியக் குடுத்தரலாம்னு இருக்கறேன்." முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாத முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து வேவு பார்க்கத் தொடங்கினேன்.

அரை மணி நேரத்தில் ஒன்று பிடிபட்டது. உள்ளே வருகிற எவரும் நேராக டீ கேட்கவில்லை. "மாமா, நல்லாருக்கறீங்களா?" "என்ன மச்சான், சௌரியமா?" "சித்தப்பா, ரெண்டு டீங்க." பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, பை தூக்கிய பயணி ஒருத்தர்கூட நுழையவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்று டீ குடித்தார்கள். இந்தக் கடையின் குப்பைக்கூடையிலோ பாதி டீயோடு கோப்பைகள்.

பக்கத்தில் ஒரு அம்மா, டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்காமல் வைத்திருந்தார். "எந்த ஊருங்கம்மா?" என்று கேட்டேன்.

"மொளசிங்க."

"டீ குடிக்கவா அங்கிருந்து வந்தீங்க?"

அந்த அம்மா கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க பங்காளி ஊடுங்க. எங்க மாமனாரு எழவுக்கு மூணு நாளும் கூடவே நின்னவரு இவரு. எம்பொண்ணு கல்யாணத்துல பந்தலு போட்டதுல இருந்து பந்தி முடியற வரைக்கும் இவருதானுங்க. கடை தொறந்து ஒரு மாசம் ஈ ஓட்டிக்கிட்டு உக்கோந்திருந்தாரு. மொய் வெச்சமா, போனமான்னு இருக்க முடியுங்களா? ஊருக்கு ஒரு கெழமைன்னு பிரிச்சுக்கிட்டோம். இன்னிக்கு மொளசி."

"டீ எப்படிங்க இருக்கு?"

"கருமம், ஒரே சக்கரைங்க. எனக்குச் சக்கரை நோவு வேற." சிரித்துவிட்டு என் கையை அழுத்தினார். "அவுரு காதுல போட்றாதீங்க சாமி. மனசு ஒடஞ்சு போயிருவாரு."

இந்த அம்மாவும் கம்பெனி ஏவிவிட்ட ஆளோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் புத்தி அப்படி. ஆனால் ஏவிவிட்டவர் டீயைக் கருமம் என்று சொல்ல மாட்டார். ஒரே சமயத்தில் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை நல்ல சனம் சேர்ந்து அந்த மனிதரை ஒரு குழிக்குள் நடத்திக்கொண்டு போகிறார்களே!

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியிருந்தேன். கேட்க மாட்டேன் என்று ஆட்டவில்லை. எழுந்து கல்லாவுக்குப் போய், "ஏனுங்க, இன்னிக்கு இங்க வந்தவங்கள்ல உங்களை முறை வெச்சுக் கூப்புடாதவங்க யாருங்க?" என்றேன்.

செல்லமுத்து சிரித்தார். "நம்ம சனமே அத்தனை பேருங்க" என்று பெருமையாகச் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"நீங்க ரெண்டு பேருந்தானுங்க" என்றார்.

பிறகு தனக்கே சொல்வதுபோல, "சங்ககிரில எனக்குச் சனமே இல்லீங்களே" என்றார். நாற்பது ரூபாயை நீட்டினேன். வாங்க மறுத்தார். வெளியிலிருந்து வந்த ஒரே வியாபாரம் எங்களுடையது, அதையும் வேண்டாம் என்கிறாரே என்று கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் வண்டியில் நடந்ததையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். மல்லசமுத்திரம் வரைக்கும் பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மணி, நாம கடை போட்டா யாரு வருவா?" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். உங்கள் பெரியப்பா வீடு என்று ஆரம்பித்தேன். "அவுரு செத்ததுக்கே நான் வல்லியே. ராய்ச்சூர்ல போர் போட்டுக்கிட்டிருந்தோம்" என்றார். உங்கள் அத்தை வீடு என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் நான் பெயர் சொல்லவில்லை. கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்டே வந்த எனக்கு, இந்தக் கணக்கு தோன்றவே இல்லை பாருங்கள்.

நாமகிரிப்பேட்டையில் அந்தத் தம்பியின் போன் வந்தது. "ஞாயித்துக்கெழமை வர முடியாதுங்க தம்பி. அண்ணன் ஊட்டுல காதுகுத்து" என்றார் இவர். அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். "பந்தி முடியற வரைக்கும் அங்கதான் இருப்பனுங்க" என்று வைத்துவிட்டார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "காதுகுத்துக்குப் போறது கடைக்கு ஆள் சேர்க்கவா?" என்று கேட்டேன்.

"தெரியல அம்மணி" என்றார். பொய் சொல்லவில்லை என்பது வரைக்கும் நம்பினேன்.

மாலை ஐந்தரைக்குத் தம்மம்பட்டி. திருச்செங்கோட்டு இனிப்பு இன்னும் நாக்கில் இருந்ததால், பேருந்து நிலையக் கடையில் பன்னிரண்டு ரூபாய் டீ சொன்னோம். எங்கள் கிளைக்கு இடம் பார்த்திருப்பது இதற்கு மூன்றாவது கடை. தூள் தூக்கலாக, சர்க்கரை அளவாக, நல்ல டீ. பெஞ்சில் இருந்தவர்கள் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீக்காரர் எங்கள் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அன்பாகத்தான் கேட்டார்:

"வெளியூரா? எங்க போகணும்? ஆத்தூர் வண்டி இப்ப வந்துடும்."