கொக்கு ஆயிரம், செல்வராணி ஒன்றுகூட இல்லை

சின்னக் கேமரா வைத்திருப்பவனை ஊர் போட்டோகிராபர் என்று ஒப்புக்கொள்ளாது. வீடு வேறு எதுவாகவும் ஒப்புக்கொள்ளாது. உள்ளங்கையில் அடங்கும் மிரர்லெஸ் கேமரா ஒன்றையும் அதற்கு நாலு லென்ஸையும் வாங்கி, பூஞ்சை பிடித்துவிடுமோ என்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடிவைத்து, நாளுக்கு நாலு தரம் திறந்து பார்க்கும் சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிம்மக்கல்லில் நோட்டுப் புத்தக மொத்தக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கலைஞன். என் மனைவி செல்வராணி வங்கி அதிகாரி. போன வைகாசியில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே அஸ்ஸாமுக்கு மூன்று வருட மாற்றலும் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடையை விட்டு என்னால் அசைய முடியாது. அவள் மட்டும் போனாள்.

வழியனுப்பிய மறுநாள் காலையில் அவள் முகத்தைப் பார்க்கலாமென்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். பன்னிரண்டு வருடத்தில் எடுத்துத் தேறியவை பதினோராயிரம் படங்கள். வைகைக் கொக்கு இருந்தது, கோபுரத்துப் புறா இருந்தது, டீ கிளாஸில் எழும்பும் ஆவிகூட இருந்தது. செல்வராணி இல்லை. கல்யாண ஆல்பத்தில் இருப்பது பவுடர் அப்பிய வேறு யாரோ. வீடியோ காலில் வருகிறவள் பாதி நேரம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கிறாள். நான் பார்க்கும் செல்வராணியை நானே எடுத்த படம் ஒன்று எனக்கு வேண்டும். அது ஏன் இல்லாமல் போனது என்று யோசித்து யோசித்து நினைவுக்கு வந்தவையும், அதைத் தேடி நான் பட்ட பாடும்தான் கீழே வருபவை.

காதுகுத்து வீடு

கொட்டாம்பட்டிப் பக்கம் அவளுடைய சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. செல்வராணி அரக்குப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, பந்தலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். இலை வழியாக வெயில் சல்லடை போட்டு இறங்கியது. வாழ்க்கையில் ஒரு தரம்தான் அப்படி வெளிச்சம் அமையும் என்பது உங்களுக்குத் தெரியும். "அப்படியே நில்லு" என்றேன். அவளும் அதிசயமாக நின்றாள்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் பீரங்கி மாதிரி ஒரு கேமராவும் பின்னால் குடை விளக்கும் லைட் பையனுமாக அந்த ஊர் போட்டோக்காரர் வந்து சேர்ந்தார். உடனே அந்த மரத்தடிக்கு மவுசு கூடிவிட்டது. தாய்மாமன் வரிசை, பங்காளி வரிசை என்று ஒரு பட்டாளமே வந்து செல்வராணியைச் சுற்றி நின்றுகொண்டது. நான் இரண்டு கையாலும் என் கேமராவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவளுடைய சித்தப்பா என் தோளில் கை போட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "மாப்ள, செத்த ஒதுங்கிக்கங்க, போட்டோ எடுக்கப் போறாக."

ஜன்னலோரம்

நியாயமாகப் பார்த்தால், இந்த உலகத்தில் நான் அதிகமாகப் படம் எடுத்தது செல்வராணியைத்தான். புது லென்ஸ் வாங்கும் சுகம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியைத் திறப்பது, மூடியைக் கழற்றுவது, திருகி மாட்டும்போது கேட்கும் அந்தச் சின்ன 'க்ளிக்'. அதைக் கேட்ட கையோடு யாரையாவது எடுத்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. "ராணி, அந்த ஜன்னல்கிட்ட கொஞ்சம் நில்லேன்" என்பேன். கையில் மாவோ கரண்டியோ, எதுவானாலும் அப்படியே வந்து நிற்பாள். இருபது முப்பது எடுப்பேன். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு, கண் இமையில் ஒவ்வொரு முடியாகப் பிரிந்து தெரிகிறதா, ஓரத்தில் மங்குகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் மொத்தத்தையும் அழித்துவிடுவேன். சோதனைப் படத்தை யார் வைத்துக்கொள்வார்கள்? நீங்களும் அழிப்பீர்கள்தானே?

நாலு லென்ஸுக்கும் இதுதான் நடந்தது. கடைசியாக வாங்கியது முகம் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ். இரண்டு வருடம் ஏங்கி வாங்கியது. அன்றைக்கு அவள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திரை முழுக்க அவளுடைய இடது கண் மட்டும் இருந்தது. "அற்புதம்! என்ன துல்லியம்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அவள் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இம்புட்டு நேரமா என் மூஞ்சியையே பாத்துட்டு, லென்ஸு நல்லாருக்குங்கிறீகளே?"

பாய் கடை

அவள் போன பிறகு அந்த அழித்த படங்கள்மேல் எனக்கு வந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. மெமரி கார்டில் அழித்ததை மீட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்று, ரிப்பேரும் பார்க்கும் பாய் ஒருவர் டவுனுக்குள் இருக்கிறார். என் நாலு லென்ஸில் மூன்று அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து வந்தவைதான். இருந்த ஆறு கார்டையும் அவர் முன்னால் பரப்பினேன். சாயங்கால அசர் தொழுகைக்குக் கிளம்பியவர், என் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்து கார்டுகளை வாங்கிக்கொண்டார். "துவா செய்ங்கண்ணே, பாப்போம்" என்று என்னையும் வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

நாலாம் நாள் போனேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். மீண்டு வந்தது அத்தனையும் கொக்கு. நின்ற கொக்கு, பறந்த கொக்கு, மீனை விட்டுவிட்டு முழித்த கொக்கு. நான் தேறாது என்று அழித்த கொக்குகள் எல்லாம் திரும்பி வந்து என்னைப் பார்த்தன. அழித்த படத்தின் மேல் புதுப் படம் பதிந்தால் அடியில் இருப்பது போய்விடும் என்று பாய் பொறுமையாக விளக்கினார். அவர் கார்டுகளை ஒரு கவரில் போட்டுத் தந்து, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "அக்காவ அழிச்சதோட விட்டிருந்தாக்கூட எடுத்துக் குடுத்துருப்பேண்ணே, அவுக மேல ஆயிரம் கொக்க நிறுத்தி வச்சிருக்கீகளே!"

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் ஒரு பெண் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினாள். தோளை லேசாக உதறி, பையை அதட்டி உட்கார வைப்பது மாதிரி ஒரு தட்டு. அது செல்வராணி செய்வது. செல்வராணி அஸ்ஸாமில் இருக்கிறாள் என்பது தெரிந்தும் கை தன்பாட்டில் கேமராவைத் தூக்கியது.

ஷட்டர் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். ஆனால் ஃபோகஸ் பிடிக்கக் கேமராவின் முகப்பில் எரியும் அந்த ஆரஞ்சு விளக்கை அணைக்க மறந்திருந்தேன். விளக்கு அந்தப் பெண்ணின் முதுகில் பட்ட வேகத்தில் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "ஏத்தா, ஒன்னயப் படம் புடிக்கிறாரு" என்று குரல் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் திரும்பி நேராக என்னிடம் வந்தாள். ஜாடைகூடச் செல்வராணி இல்லை. "யாரைக் கேட்டு எடுத்தீக?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். அவள் கண் முன்னாலேயே படத்தை அழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே, வீட்டுக்காரி அஸ்ஸாமில் இருக்கிறாள், அவள் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்று உளறியும்விட்டேன். குரல் உடைந்தது எனக்கே கேட்டது. பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் படியில் ஏறி நின்றுகொண்டு, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள்: "அவுக வந்ததும் அவுகளயே எடுங்கண்ணே, ஊருல போற வாரவுகள எடுக்காதீக."

நாலு நாள் லீவு

பொங்கலுக்கு நாலு நாள் லீவில் செல்வராணி வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், காதோரம் இரண்டு நரை புதிதாக வந்திருந்தது. நான் மூன்று பேட்டரியையும் சார்ஜ் போட்டு, கார்டைக் காலி செய்து, முகம் எடுக்கும் லென்ஸைத் துடைத்து மாட்டித் தயாராக இருந்தேன். முதல் நாள் அவளுக்குப் பயணக் களைப்பு. இரண்டாம் நாள் வானம் மூட்டமாக இருந்தது. வெளிச்சம் தட்டையாக இருக்கும், நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உச்சி வெயில். கண்ணுக்குக் கீழே நிழல் விழும், சாயங்காலம் எடுக்கலாம் என்றேன். சாயங்காலம் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சிரிக்காதீர்கள். நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து ஆளைக் கோட்டைவிடுவது நம் கூட்டத்துக்கு மட்டுமே வாய்த்த நோய்.

நாலாம் நாள் காலை. வாசலில் ஆட்டோ நிற்கிறது. அவள் செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்தாள். வெளிச்சம் நன்றாக இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது. கேமராவைத் தூக்கி ஒரே ஒரு தரம் அமுக்கினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் போனபோது அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இங்க பாருங்க" என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேமரா என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் ஒரு தரம் அமுக்கினாள். அமுக்கிவிட்டுக் கேமராவைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான் முழிப்பதைப் பார்த்து, ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க படமும் எங்கிட்ட ஒண்ணுகூட இல்லங்க. இது சின்னதாத்தான இருக்கு, நான் கொண்டு போறேன்."

ஒரு போன்

ஆக, நான் எடுத்த செல்வராணியும் செல்வராணி எடுத்த நானும் ஒரே கார்டில் அஸ்ஸாமுக்குப் போய்விட்டோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. போன் செய்து, படத்தைக் கேமராவிலிருந்து போனுக்கு எப்படி மாற்றுவது, எப்படி அனுப்புவது என்று ஒவ்வொரு பட்டனாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். அதெல்லாம் அவளுக்கு முன்பே தெரியும் என்று பிறகுதான் புரிந்தது.

"கண்ணுல ஃபோகஸ் இருக்கா?" என்று கேட்டேன். "நல்லா இல்லேன்னா அழிச்சிராத, எப்படி இருந்தாலும் எனக்கு வேணும். நீ இல்லாம என்னால முடியல ராணி" என்றேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குரல் சிரிப்பாகத்தான் வந்தது: "நல்லா விழுந்திருக்கு. அனுப்ப மாட்டேன். வேணும்னா கடையப் பூட்டிட்டு வந்து பாத்துக்கங்க."

ஒரே ஒரு படத்தைப் பார்ப்பதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் ரயிலில் போகிறவனை சிம்மக்கல்லே பைத்தியம் என்கிறது; அவர்கள் சொல்வதும் சரிதான், ஏனென்றால் டிக்கெட் எடுத்த அன்றைக்கே மீதி மூன்று லென்ஸையும் பையில் எடுத்து வைத்துவிட்டு, மாற்றுச் சட்டை எடுத்து வைக்க மறந்துபோனேன்.