மூன்று நிலை சுவிட்ச்

வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்ட, மகளிர் குழுவிலிருந்து ஒருவரை எடுக்கப்போவதாகப் பொன்னேரியில் சொன்னார்கள். திங்கட்கிழமை சோதனை. தேறினால், தேர்வாய் கண்டிகைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று பெட்டி ஒட்டும் வேலையை என் மனைவி விட்டுவிடலாம். அவள் குதிகால் வலி, படி இறங்கும் ஓசையிலேயே எனக்குக் கேட்கும்.

பழகுவதற்குச் சோற்றுத்தட்டு அகலத்தில் ஒரு ட்ரோன் வாங்கினோம். செட்டிங் என் பொறுப்பு. ரிமோட்டில் ஒரு சுவிட்ச், அதற்கு மூன்று நிலை. முதல் மோடில், கையை எடுத்தாலும் ஜிபிஎஸ் பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்தில் நிற்கும். இரண்டாவதில் சாயாமல் மட்டம் மட்டும் காக்கும். காற்று தள்ளினால் நாம்தான் இழுத்துவர வேண்டும். மூன்றாவதில் மட்டமும் நம் கையில், குட்டிக்கரணம்கூட அடிக்கும்.

நான் மூன்று நிலைக்கும் முதல் மோடையே வைத்துவிட்டேன். விரல் தவறிப் பட்டு அவள் பயந்துவிடக் கூடாதே. அவளிடம் சொல்லவுமில்லை. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு, கைவிட்டாலும் நிற்கும் ஒன்றின் மேல் அப்படியொரு மயக்கம்.

நாலு நாள் வாசலில் ஓட்டிப் பழகினாள்; அன்று மாடிக்கு ஏறினோம். எங்கள் மொட்டைமாடியில், என்றோ கட்டப்போகும் மேல்தளத்துக்காகத் தூண் கம்பிகள் வானம் பார்த்து நிற்கின்றன. அவற்றின் நடுவில் நின்று, அதற்குத் திசை காட்டும் காம்பஸைச் சரிசெய்ய ட்ரோனைக் கையில் ஏந்திச் சுற்றினேன்.

அடுத்த மாடியில் துணி காயப்போட்ட பெண் சும்மா இருப்பாளா? "இன்னாண்ணா, திருஷ்டி சுத்துறியா? கற்பூரத்தக் காணோம்!"

"மொதல்ல இவருக்குத்தான் சுத்தணும்," என்றாள் என் மனைவி.

அவள் ரிமோட்டை வாங்கி இயக்க, ட்ரோன் எழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு வட்டமிட்டது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கம்பிகள் காம்பஸைக் குழப்பிவிட்டன; திசை தவறினால் ஜிபிஎஸ்ஸாலும் பிடித்து நிறுத்த முடியாது. தினமும் இரும்பாலையில் வேலை பார்ப்பவன், கண்ணெதிரே நின்ற இரும்பை மறந்திருந்தேன்.

"கைய எடு, தானா நிக்கும்!" என்று கத்தினேன்.

தானே இழுத்துவர, அவள் இரண்டாவது மோடுக்குச் சுவிட்சைத் தட்டினாள். டக், டக். எதுவும் மாறவில்லை. ட்ரோன் அடுத்த மாடிக் கொடியில் ஈரப் புடவைக்குள் போய்ச் சுருண்டது.

"எம் பொடவைக்கே சுத்திட்டியேண்ணா!"

மூன்று நிலைக்கும் ஒரே மோடு வைத்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. இறக்கையில் சிக்கிய நூலைப் பிரித்தபடியே பேசினாள்.

"அங்க ஜிபிஎஸ்ஸ ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டச் சொல்வாங்களாம். நீ நாலு நாளா கைய எடு, கைய எடுன்னுகினே இருந்த. நான் இன்னாயா கத்துக்கினேன்? கைய எடுக்கத்தான்."

ஞாயிறு காலை, அறுவடை முடிந்த வயலுக்குப் போனோம். இரும்பு எதுவும் அருகில் இல்லை. காம்பஸை மறுபடி சரிசெய்தேன். மூன்று நிலைக்கும் மூன்று மோடு.

"கடைசியத் தொட மாட்டேன்," என்றாள். "ஆனா அது இருக்கட்டும்."

இரண்டாவது மோடில் ஏற்றினாள். கடற்காற்று ட்ரோனை மெல்லக் கால்வாய்ப் பக்கம் தள்ளியது. இன்னும் தள்ளியது. என் கை தானாக ரிமோட்டுக்கு நீண்டது.

"கைய எடுயா."

எடுத்தேன். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். காற்றுக்கு எதிராக ரிமோட்டின் குச்சியை ஒரு நெல்மணி அளவு சாய்த்து, அவள் அதை அறுத்த நெல் தாள்களின் மேல் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

திங்கள் மதியம், ஆலை வாசலில் நிற்கும்போது போன் வந்தது.

"எட்த்துக்கினாங்கயா."

எனக்கு நெஞ்சு நிறைந்து, கூடவே அவசரமும் வந்தது. "கம்பெனிக்கு வேல வாணாம்னு லெட்டர் எழுதி வெக்கட்டுமா?"

"நீ உடு. நானே எழுதிக்கிறேன்."